கொளஞ்சியப்பனின் பதினோராம் பக்கம்

கொளஞ்சியப்பன் யாருடன் நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கமாகத்தான் நடப்பார். நெய்வேலியில் மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி நிலக்கரிச் சுரங்க வாசலுக்குப் போகிற கூட்டத்தில் எப்படிக் கலந்து நடந்தாலும், பத்து எட்டு வைப்பதற்குள் இடது ஓரத்துக்கு வந்துவிடுவார். டீக்கடை பெஞ்சிலும் அவருக்கு இடது கோடிதான். அங்கே யாராவது முன்பே உட்கார்ந்திருந்தால், நின்றபடியே குடித்து முடித்துத் தம்ளரை வைத்துவிடுவார். ஆறு வருடமாக இதைப் பார்த்துவந்த செங்குட்டுவன், ஜோசியக்காரன் யாரோ சொன்ன பரிகாரமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். ஒருமுறை வாய்விட்டே கேட்டான்.

“காத்து இந்தப் பக்கந்தான் நல்லா வருது தம்பி” என்றார் கொளஞ்சியப்பன். அதோடு விட்டுவிட்டான்.

கொளஞ்சியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்து வடக்குத்து ஊர்க்காரர். சுரங்கத்துக்கு நிலம் எடுத்த காலத்தில் கொடுப்பதற்கு நிலம் இருந்தவர்கள் கொடுத்து, பதிலுக்கு வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை வாங்கிக்கொண்டார்கள். கொளஞ்சியப்பனின் அப்பா அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர். கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. ஆகவே மகனுக்கு வாங்கிக்கொள்ளவும் ஒன்றும் இல்லாமல் போனது. முந்திரித் தோப்பில் தொடங்கி, கரும்பு வெட்டி, செங்கல் சுமந்து, கடைசியில் கான்ட்ராக்ட் ஆளாக வந்து சேர்ந்தார். பதினொரு வருடத்தில் நாலு கான்ட்ராக்டர் மாறினார்கள். கம்பெனியின் பெயர் மாறும், கேட் பாஸின் நிறம் மாறும்; கொளஞ்சியப்பன் அதே இடத்தில் நின்று அதே வேலையைச் செய்வார். ஓடுகிற கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணையும் கரியையும், பெல்ட்டை நிறுத்திய நேரத்தில் ஷவலால் வாரிப் பாண்டு எனும் இரும்புச் சட்டியில் கொட்டுவதுதான் அந்த வேலை. கோஷ்டியில் மொத்தம் பதினெட்டுப் பேர்.

அந்தப் பதினெட்டில் ஒருவனாகத்தான் செங்குட்டுவனும் வந்தான். விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் போய் வந்து பி.காம். முடித்தவன். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சட்டகத்துக்குள் மாட்டி வைத்த பட்டத்தை அவன் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து வைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு கேள்வி வரும்: இதைப் படித்ததால் எனக்குத் தெரிந்தது என்ன? நாலு பேர் முன்னால் நின்று பேசத் தெரியவில்லை. ஆபீஸில் ஒரு மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னால், கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்லூரியில் சொல்லித்தராதது எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கும், அதைக் கண்டுபிடித்துப் படித்தால் போதும் என்று அவன் நம்பினான்.

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் அது கிடைத்தது. நிர்வாகம், தலைமை, நேரத்தை ஆள்வது, மனிதர்களை வெல்வது. எல்லாம் தமிழில், வழுவழுப்பான அட்டையில், ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கட்டம் கட்டிய பயிற்சியோடு. வருடத்துக்கு நாலைந்து வாங்குவான். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தனக்குத் தானே பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொள்வான். ஐந்தைத் தாண்டியதில்லை.

கான்ட்ராக்ட் கம்பெனியின் மேனேஜர் சிவசங்கர் இரண்டு வருடத்துக்கு முன்பு அவனை சூப்பர்வைசர் ஆக்கினார். “படிச்ச பையன், ரிப்போர்ட் எழுதுவ” என்பதுதான் காரணம். செங்குட்டுவன் அதைப் புத்தகங்களின் பலன் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து படித்ததையெல்லாம் கோஷ்டியிடம் செய்து பார்த்தான். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. மூன்றாம் நாள் சுதாகர் கேட்டான்.

“என்னா சூப்பர்வைசரே, மூணு நாளா பாத்துக்கினு இருக்கன். பல்லு வலியா?”

சுதாகர் கோஷ்டியிலேயே வாய்த்துடுக்கானவன். எப்போதும் கொளஞ்சியப்பனுக்குப் பக்கத்தில் நின்றுதான் வேலை செய்வான். இன்னொரு நாள், நல்ல வேலையைக் கண்டால் அங்கேயே பாராட்டு என்று படித்துவிட்டு, துரைராஜ் என்பவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினான். துரைராஜ் அன்று சோறு சாப்பிடவில்லை. வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள், அதற்குத்தான் இதமாகப் பேசுகிறார்கள் என்று பயந்துவிட்டார்.

ஆனாலும் மெல்ல மெல்ல ஏதோ மாறத்தான் செய்தது. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். செங்குட்டுவன் தனக்கு ஆறரை போட்டுக்கொண்டான். அந்த ஆறரையின் தைரியத்தில்தான் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கினான். அதை வாங்காமல் இருந்திருக்கலாம்.

புதிதாகப் படித்த புத்தகம் இப்படிச் சொன்னது: உன் கீழே வேலை செய்கிற ஒவ்வொருவருடனும் தனியாக அரை மணி நேரம் உட்கார். மூன்று கேள்வி கேள். நீ எதில் கெட்டிக்காரன்? உனக்கு எது கஷ்டம்? நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? கேட்டபின் வாயை மூடு. அவர் சொல்வதை அவர் கண் முன்னாலேயே எழுது. அவரையே கையெழுத்துப் போடச் சொல். அப்போதுதான் அது விளையாட்டு இல்லை என்று அவருக்குப் புரியும்.

செங்குட்டுவன் நோட்டில் பக்க எண் போட்டான். ஆளுக்கு ஒரு பக்கம். சாமான் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு தகர டின்களைக் கவிழ்த்துப் போட்டான்.

“பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தனித்தனியா கூப்புடறியே. பஜ்ஜி சொஜ்ஜி எதனா உண்டா?” என்று கேட்டுக்கொண்டுதான் சுதாகர் வந்து உட்கார்ந்தான். முதல் இரண்டு கேள்விக்கும் கிண்டல்தான். மூன்றாவது கேள்விக்குச் சற்று நேரம் காலில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“எங்கள பேரு சொல்லிக் கூப்புடற. இதுக்கு முன்ன இருந்தவனுங்க ஏய், டேய்தான். அத மாத்திக்காத. எழுதிக்க.”

பத்தாம் பக்கத்தில் செங்குட்டுவன் அதை எழுதினான். எழுதியதைச் சந்தோஷமாக இன்னொரு முறை படித்துப் பார்த்தான்.

அடுத்து வந்தவர் கொளஞ்சியப்பன். டின்னை நகர்த்தி, செங்குட்டுவனுக்கு இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

“மொதக் கேள்விண்ணா. நீங்க எதுல கெட்டி?”

“நேரத்துக்கு வருவன். பதினோரு வருசத்துல ஒரு நா லேட்டு இல்ல.”

“ரெண்டாவது. இந்த வேலைல உங்களுக்கு எது கஷ்டம்?”

கொளஞ்சியப்பன் பேசவில்லை. புத்தகம் சொன்னபடி செங்குட்டுவனும் வாயை மூடிக்கொண்டான். மனதுக்குள் எண்ணினான். முப்பது. நாற்பது. மௌனத்தைத் தாங்காமல் தன் வாய் திறந்துவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டான்.

“எடது கண்ணு தெரியாது தம்பி.”

இருபத்திரண்டு வயதில் முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போது காய்ந்த மிலாறுக் குச்சி ஒன்று எகிறி அடித்தது. ஒரு வாரம் தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள். பிறகு கடலூருக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது என்றார்கள். வெளியில் பார்க்கக் கண் அப்படியேதான் இருந்தது. அதனால் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அப்ப வருசா வருசம் மெடிக்கல்?”

கொளஞ்சியப்பன் முதல்முறையாகச் சிரித்தார். கான்ட்ராக்டர் அனுப்புகிற கிளினிக்கில் எழுத்துப் பலகை இரண்டு உண்டு. எந்த வருடம் எதை மாட்டுவார்கள் என்று தெரியாது. கோஷ்டியிலிருந்து முதலில் உள்ளே போகிறவன் சுதாகர். வெளியே வரும்போது காதைச் சொறிந்தால் ஒரு பலகை, மூக்கைச் சொறிந்தால் மற்றது. இரண்டு பலகையும் கொளஞ்சியப்பனுக்கு மனப்பாடம். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. வாய்ப்பாடு மாதிரி ஓசையாகவே வைத்திருந்தார். வலது கண்ணைப் பொத்தியதும் ஒப்பித்துவிடுவார். டின்னில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சொல்லிக்காட்டினார். கடைசி வரிசை வரை ஒரு எழுத்து பிசகவில்லை.

செங்குட்டுவன் பேனாவைத் திறந்தான்.

“எழுதறியா?”

“நமக்குள்ளதாண்ணா. வேற யாரும் பாக்கப்போறதில்ல.”

அவர் நோட்டையும் அவனையும் பார்த்தார். “எது கஷ்டம்னு இது வரிக்கும் என்ன ஒருத்தன் கேட்டதில்ல தம்பி. கேட்டுட்ட. எழுது.”

எழுதினான். கையெழுத்தும் வாங்கினான். கொளஞ்சியப்பன் தன் பெயரை முழுசாக, ஒரு புள்ளி விடாமல் போட்டார்.

“மூணாவதுண்ணா. நான் எத மாத்திக்கணும்?”

“ஒண்ணு இருக்குது” என்று எழுந்தார் அவர். “அத இப்ப சொல்லல. கடன்னு வெச்சிக்க. அப்பறமா தரன்.”

செங்குட்டுவன் மூன்றாவது கேள்விக்கு எதிரே ‘பிறகு’ என்று எழுதினான்.

பதினெட்டுப் பக்கமும் முடிந்த வியாழக்கிழமை மாலை, அவன் ஒரு காரியம் செய்தான். சுதாகர் சொன்ன பத்தாம் பக்கத்தைப் போனில் படம் எடுத்து மேனேஜர் சிவசங்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ‘நம் குழுவில் புதிய முயற்சி சார்’ என்று கீழே எழுதினான். தன்னைப் புகழ்ந்த வரி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான். அவர் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுகிறதா என்று அன்று பல தடவை போனை எடுத்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சிவசங்கரே கூப்பிட்டார்.

“நல்ல வேல செஞ்சிருக்கப்பா. நானும் யோசிச்சிக்கிட்டே இருந்தேன். புது டெண்டர்ல பதினெட்டு ஆள் கிடையாது, பதினாலுதான். நாலு பேரக் கழிக்கணும். யாரக் கழிக்கிறதுன்னு மண்டையப் பிச்சிக்கிட்டிருந்தேன். நீயே எழுதி வெச்சிருக்க. திங்கக்கிழம பத்து மணிக்கு அந்த நோட்டக் கொண்டு வா.”

அவர் போனை வைத்த பிறகும் செங்குட்டுவன் தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எதிரே பெல்ட் நின்றிருந்தது. பதினெட்டுப் பேர் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். கொளஞ்சியப்பன் குனிந்திருந்த இடத்துக்கு இடப்பக்கம் சுதாகர் நின்றான். கொளஞ்சியப்பன் ஒரு அடி பின்னால் வைத்தால் சுதாகரின் முழங்கை லேசாக அவர் முதுகில் தொட்டு நிறுத்தியது. பேச்சில்லை. இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுதாகர் தண்ணீர் குடிக்க நகர்ந்தபோது, யாரும் சொல்லாமலே துரைராஜ் வந்து அந்த இடத்தில் நின்றார்.

ஆறு வருடமும் இது நடந்திருக்கிறது. இவர்களோடு சேர்ந்து நாலு வருடம் அவனும் ஷவல் பிடித்திருக்கிறான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. படித்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் கேட்டான், எழுதினான், கையெழுத்து வாங்கினான். அவர்கள் எதையும் கேட்காமல் இடப்பக்கம் போய் நின்றார்கள்.

சனிக்கிழமை முழுவதும் நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். பதினோராம் பக்கத்தைக் கிழித்தால் அதன் முதுகில் இருக்கிற பன்னிரண்டாம் பக்கமும் போகும். அது துரைராஜுடையது. அதில் அவருடைய இடுப்பு வலி இருந்தது. பக்க எண் போட்டதும் அவன்தான். போதாததற்கு நூல் தைத்த நோட்டு. ஒரு தாளை உருவினால் அதோடு சேர்த்துத் தைத்த மறுபாதித் தாள் ஆடிக் காட்டிக்கொடுக்கும். புத்தகங்களைப் புரட்டினான். நேர்மை பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. நம்பிக்கையைக் காப்பாற்றுவது பற்றி இன்னொன்று இருந்தது. இரண்டிலும் அவனுடைய சிவப்புக் கோடு இருந்தது. இரண்டும் ஒரே நோட்டில் வந்து மோதினால் என்ன செய்வது என்று கட்டத்துக்குள் யாரும் எழுதவில்லை.

இன்னொரு கேள்வியும் அவனை விடவில்லை. நாளை பெல்ட் அடியில் அவருக்கு ஏதாவது நடந்துவிட்டால்? தெரிந்தும் மறைத்தவன் யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனான்.

கொளஞ்சியப்பன் வாசலில் உட்கார்ந்து கிழிந்த ரப்பர் கம்பூட்ஸுக்குப் பசை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பட்டம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். மகள் மலர்விழி நர்சிங் கடைசி வருடம், கடலூரில் ஹாஸ்டலில் இருந்தாள். செங்குட்டுவன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது.

முதலில் பேசியது பட்டம்மாள்.

“கண்ணாலம் ஆயி ரெண்டு வருசம் கழிச்சித்தான் கண்ணு சமாச்சாரம் எங்கிட்டயே வந்துச்சு. அதுவும் மாடு முட்ட வந்தப்பதான். உங்கிட்ட அர மணி நேரத்துல சொல்லிட்டாராப்பா? அந்தப் புக்குல அப்பிடி என்னாதான் இருக்குது?”

செங்குட்டுவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு வருசம். மலர்விழி படிச்சி முடிக்கிற மட்டும் இவுரு நிக்கணும். அதுக்கப்பறம் வூட்லயே கெடக்கட்டும், நான் பாத்துக்கறன். அந்த ஒரு வருசந்தான் கணக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரங்களை வைக்கிற சத்தம் கேட்டது.

“அண்ணா, அந்தப் பக்கத்த கிழிச்சிடட்டுமா?”

கொளஞ்சியப்பன் பூட்ஸைக் கீழே வைத்தார். பசை விரலில் ஒட்டியிருந்தது. அதை உருட்டிக்கொண்டே பேசினார்.

“கிழின்னு நான் சொல்றன்னு வெச்சிக்க. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா, அவுருதான் கிழிக்கச் சொன்னாருன்னு ஆவும். கிழிக்காதன்னு சொன்னா எம் பொழப்ப நானே கெடுத்துக்கினதா ஆவும். எதுக்கு வந்த தம்பி? இன்னொரு கையெழுத்து வாங்கவா?”

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். அவர் சொன்னது உண்மை என்று செங்குட்டுவனுக்கு அந்தக் கணம் தெரிந்தது. அவன் மன்னிப்புக் கேட்க வரவில்லை. தீர்மானத்தை அவர் தலையில் இறக்கி வைக்கத்தான் அவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டு வந்திருந்தான்.

“டீ குடிச்சிட்டுப் போ” என்றார் கொளஞ்சியப்பன். குடித்தான். தெருமுனை வரைக்கும் கூட வந்தார். இடப்பக்கமாகவே நடந்து வந்தார்.

அன்று மாலை செங்குட்டுவன் தாளைக் கிழித்தான். அது வெளியே வந்த பிறகு தூக்கிப்போட மனம் வரவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். துரைராஜின் பக்கத்தை இடுப்பு வலி இல்லாமல் வேறொரு தாளில் எழுதி, ஒட்டிவைத்தான். பதினோராம் பக்கத்துக்குக் காரணம் தயார் செய்தான்: மழைத்தண்ணீர் பட்டு மை ஊறிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். முகத்தைப் பார்த்துப் பேசு என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்லியிருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மந்தாரக்குப்பம் ஆபீஸில் இருந்தான். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைதான் ஆபீஸ். சிவசங்கர் நோட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மின்விசிறி தாளைத் தூக்கியபோதெல்லாம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். பத்தாம் பக்கத்தில் சற்று நேரம் நின்றார்.

“பதினொண்ணு எங்க?”

“மழத்தண்ணி பட்டு மை ஊறிப்போச்சு சார். படிக்க முடியல. அதான் எடுத்துட்டேன்.”

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

சிவசங்கர் போனை எடுத்தார். வியாழக்கிழமை அவன் அனுப்பிய படத்தைத் திறந்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி, படத்தின் வலது ஓரத்தை நகர்த்தி, போனை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

பத்தாம் பக்கத்தை எடுத்த படத்தில் எதிர்ப்பக்கத்தின் பாதியும் விழுந்திருந்தது. ‘இடது கண்ணில் பார்வை இல்லை. மெடிக்கல்’ என்பது வரை படிக்க முடிந்தது. அதற்குக் கீழே ‘கொளஞ்சி’ என்று கையெழுத்தின் முன்பாதி. மற்றது படத்துக்கு வெளியே போயிருந்தது.

ஆக வியாழக்கிழமையே முடிந்துபோன காரியம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும், சைக்கிளும் டீயும், கிழிக்கட்டுமா என்ற கேள்வியும், எல்லாம் அதற்குப் பிந்தியவை.

“நீ ஒளிக்கிறியான்னு பாக்கத்தான் கொண்டு வரச் சொன்னேன்” என்றார் சிவசங்கர். “சரி, அந்த ஆள் மேல பாசம். புரியுது. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. ஒத்தக் கண்ணோட அவரு பெல்ட்டுக்குக் கீழ நிக்கறாருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் கிழிச்ச. அவரு போய்ச் சேர்ந்திருந்தா அவரு பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? நீயா, நானா?”

அந்தக் கேள்வி இன்றுவரை செங்குட்டுவனோடு இருக்கிறது.

“ஸ்டோர்ல போடலாம் சார். ஷவல், பூட்ஸ் எடுத்துக் குடுக்கற வேல. அதுக்கு ஒரு கண்ணு போதும். ஒரு வருஷம் மட்டும்.”

“ஸ்டோர்ல ஆள் இருக்கு.” சிவசங்கர் பேனாவை எடுத்தார். “ஒண்ணு ஆச்சு. இன்னும் மூணு. மத்தவங்க பக்கத்தப் படி, எழுதிக்கறேன்.”

நோட்டு மேஜையில் திறந்து கிடந்தது. மூட்டு தேய்ந்தவர், மூச்சு வாங்குகிறவர், வெயிலில் தலை சுற்றுகிறவர் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். செங்குட்டுவன் கையை நீட்டி நோட்டை மூடினான். அதைச் செய்வோம் என்று அவனே அதற்கு முந்தின நொடி வரை நினைக்கவில்லை.

“இது கம்பெனி நோட்டு இல்ல சார். நான் வாங்கனது.”

“உக்காருப்பா.”

“இல்ல சார். நான் கெளம்பறேன்.”

படி இறங்கினான். தைரியமாக ஒன்றைச் செய்துவிட்ட உணர்ச்சி எதுவும் இல்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஹார்டுவேர் கடை வாசலில் நின்றான். பதினேழு பேரைக் காப்பாற்றினேனா, ஒருவரைத் தொலைத்தேனா என்று எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை.

வாரக் கடைசியில் பட்டியல் வந்தது. நாலு பெயரில் முதல் பெயர் கொளஞ்சியப்பன். மற்ற மூவரை எப்படிப் பொறுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. துரைராஜ் தப்பினார். சூப்பர்வைசராக ஆபீஸிலிருந்து வேறொரு ஆள் வந்தான். செங்குட்டுவன் மாற்று ஆளாகப் பழையபடி ஷவல் பிடிக்கலாம், இஷ்டம் இருந்தால், என்று சொன்னார்கள். வேறு வேலை தேடும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு அவன் சம்மதித்தான்.

கோஷ்டியை விட்டுப் போகிறவர் தன் ஷவலைத் தனக்குப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். கடைசி நாள் எல்லோரும் சுதாகரைப் பார்த்தார்கள். கொளஞ்சியப்பன் ஷவலைக் கழுவித் துடைத்து செங்குட்டுவனிடம் கொடுத்தார்.

“காம்பு கொஞ்சம் ஆடும். ஆப்பு வெச்சிக்க.”

கேட் வரைக்கும் அவருடன் நடந்தான். அவர் இடப்பக்கம் வந்துவிட்டார். கேட் பாஸைக் கொடுத்து, ஹெல்மெட்டைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டார். அதே முழுப் பெயர், ஒரு புள்ளி விடாமல்.

“அண்ணா” என்றான் செங்குட்டுவன். “மூணாவது கேள்வி.”

கொளஞ்சியப்பன் நின்றார். வலது கண்ணால் அவனைப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் திருப்பினார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. வடலூர் பஸ் வந்து நின்றது.

“கடன் இருக்குது, மறக்கல” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒருமுறை செங்குட்டுவன் வடக்குத்துக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. திருப்பூரில் ஒரு மில்லில் வாட்ச்மேனாகப் போய்விட்டார், பட்டம்மாளும் கூடப் போய்விட்டாள், மலர்விழியின் கடைசி வருடம் முடிகிற வரைக்கும் அங்கேதான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவருடைய பழைய நம்பருக்குக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. மில்லின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருடம் புத்தகக் கண்காட்சிக்கும் போனான். அதே வழுவழுப்பான அட்டைகளின் முன்னால் வெகுநேரம் நின்றான். புத்தகம் சொன்னது பொய் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறான். கேட்கச் சொன்னது சரி. கேட்டால் சொல்வார்கள் என்றது சரி. சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், அதைக் காக்கிற இடத்தில் நீ இருக்கிறாயா என்று தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவன் அவன். அவன் அதைக் கேட்கவில்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பினான்.

பெல்ட் நிற்கிற நேரத்தில் அவன் இப்போது கொளஞ்சியப்பன் நின்ற இடத்தில் நிற்கிறான். சுதாகர் இடப்பக்கம் வந்து நின்றுகொள்கிறான். பழக்கமா, வேண்டுமென்றே செய்கிறானா என்று தெரியவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் செங்குட்டுவன் சொன்னான்.

“எனக்கு ரெண்டு கண்ணும் தெரியும் சுதாகரு.”

“அப்பிடியா” என்றான் சுதாகர், நிமிராமலே.

பதினோராம் பக்கம் இன்னும் செங்குட்டுவனிடம்தான் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் நைந்துவிட்டது. முதல் கேள்விக்கு எதிரே ஒரு வரி இருக்கிறது, இரண்டாவதுக்கு எதிரே நாலு வரி. மூன்றாவதுக்கு எதிரே அவன் கையெழுத்தில் ‘பிறகு’ என்று மட்டும் இருக்கிறது.